பாட்டை நசுக்காமல் சத்தம் கூட்டுவது எப்படி? தொடக்கநிலை மிக்ஸிங், மாஸ்டரிங் பாடம்

மிக்ஸ் (தனித்தனி டிராக்குகளைச் சமன்செய்து ஒன்றாகச் சேர்ப்பது) முடித்துக் கேட்டால், வெளியான மற்ற பாட்டுகளைவிட நம்முடையது சன்னமாக ஒலிக்கிறது. உடனே எல்லா டிராக்குகளும் ஒன்றுசேரும் மாஸ்டரில், உச்சங்கள் ஓர் எல்லையைத் தாண்டாமல் தடுக்கும் ஒரு லிமிட்டரைப் போட்டு, மீட்டர் சிவக்கும்வரை ஏற்றுகிறோம். சத்தம் கூடும், கூடவே டிரம்ஸின் அடி காணாமல் போகும், குரல் தட்டையாகும். காரணம் எளிது: சத்தத்தின் பெரும்பகுதி மிக்ஸிலேயே உருவாக வேண்டும். லிமிட்டரின் பங்கு கடைசி இரண்டு மூன்று டெசிபல்தான்.

பீக் வேறு, லவுட்னஸ் வேறு

பீக் என்பது ஒலி அலை கணநேரத்தில் தொடும் உச்சம். டிஜிட்டலில் அதன் கூரை 0 டெசிபல். அதைத் தாண்டினால் அலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரப்பாகக் கேட்கும். லவுட்னஸ் என்பது காது உணரும் சத்தம். அதன் அலகு லஃப்ஸ். ஐடியூ (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) அமைப்பு 2006-இல் வெளியிட்ட பிஎஸ் 1770 தரத்தை வைத்துத்தான் இன்றைய லவுட்னஸ் மீட்டர்கள் கணக்கிடுகின்றன. மீட்டரில் மூன்று எண்கள் தெரியும்: மொமென்டரி (400 மில்லிசெகண்டின் சராசரி), ஷார்ட் டெர்ம் (3 நொடி), இன்டகிரேட்டட் (பாட்டு முழுக்க). யூலீன் லவுட்னஸ் மீட்டரின் இலவசப் பதிப்பே பழகப் போதும்.

டைனமிக் ரேஞ்ச் என்று சொல்லும்போது இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறோம். சரணம் அடங்கி ஒலிக்க, பல்லவி ஓங்கி எழும் வித்தியாசம் ஒன்று. ஒவ்வோர் அடியின் உச்சத்துக்கும் அதைச் சுற்றியுள்ள சராசரிக்கும் உள்ள இடைவெளி இன்னொன்று. லிமிட்டரை அதிகம் அழுத்தினால் முதலில் பலியாவது இரண்டாவதுதான்.

படி 1: இடம் விட்டுத் தொடங்குங்கள்

எல்லா ஃபேடரையும் (டிராக்கின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தி) 0-இல் வைத்து, ஒவ்வொரு டிராக்கின் சராசரி அளவையும் -18 டெசிபல் அருகே கொண்டுவாருங்கள். இதை ஃபேடரில் செய்யாமல் கிளிப் கெயினில் (பதிவான ஒலித்துண்டின் அளவையே மாற்றும் வசதி) செய்யுங்கள். ஃபேடர் பிறகு நுணுக்கமாகச் சரிசெய்யத் தேவைப்படும். மிக்ஸ் முடியும்போது மாஸ்டரின் பீக் -6 டெசிபல் பக்கம் இருந்தால் நல்லது. 24 பிட்டில் வேலை செய்தால் அளவு குறைவதால் இரைச்சல் வந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். அதன் கொள்ளளவு ஏறக்குறைய 144 டெசிபல்.

படி 2: அடித்தளத்தைச் சுத்தம் செய்யுங்கள்

பலர் தாண்டிப் போகும் படி இது. பலன் அதிகம் கிடைப்பதும் இதில்தான். லவுட்னஸ் மீட்டர் மிகத் தாழ்ந்த பேஸைக் குறைத்தே கணக்கிடுகிறது; காதுக்கும் அது மந்தமாகவே கேட்கும். ஆனால் பீக்கில் அது பெரிய இடத்தை அடைத்துக்கொள்ளும். அதாவது, கேட்காத ஒலிக்காக இடத்தைத் தாரை வார்க்கிறோம்.

குரலில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஹை பாஸ் ஃபில்டரால் வெட்டுங்கள். கிட்டார், கீபோர்டு போன்றவற்றில், மற்ற கருவிகளோடு சேர்த்துக் கேட்டபடியே ஃபில்டரை மேலே நகர்த்தி, ஒலி மெலியத் தொடங்கும் இடத்திலிருந்து சற்றுக் கீழே இறக்கி நிறுத்துங்கள். சோலோவில், அதாவது அந்த டிராக்கை மட்டும் தனியாகக் கேட்டு முடிவு செய்தால் வெட்ட மனம் வராது.

கிக்கும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) பேஸ் கருவியும் ஒரே கணத்தில் ஒரே அளவில் உச்சம் தொட்டால், இரண்டும் சேர்ந்து 6 டெசிபல் வரை ஏறும். லிமிட்டர் அந்த ஏற்றத்தைப் பார்த்து முழுப் பாட்டையும் அமுக்கும். கிக் விழும்போதெல்லாம் குரல் பதுங்குவது இதனால்தான். பேஸ் டிராக்கில் ஒரு கம்ப்ரஸர் (சத்தம் ஓங்கும்போது அதைக் குறைக்கும் கருவி) போட்டு, கிக்கை அதன் சைட்செயினுக்கு (இன்னொரு டிராக்கைக் கேட்டு இயங்கவைக்கும் உள்ளீடு) கொடுத்து, கிக் விழும்போது பேஸ் 2-3 டெசிபல் மட்டும் இறங்கும்படி வையுங்கள்.

படி 3: முதலில் கை, பிறகு கம்ப்ரஸர்

குரலில் ஒரு வரி ஓங்கி, அடுத்த வரி அமுங்கி இருந்தால் வால்யூம் ஆட்டோமேஷனால் (வரிக்கு வரி அளவை நீங்களே வரைந்து மாற்றுவது) சமன் செய்யுங்கள். அந்த வேலையையும் கம்ப்ரஸர் தலையில் கட்டினால் அது ஓங்கிய வரிகளை மட்டும் கடுமையாக நசுக்கும்.

அதன்பின் குரலுக்கு ரேஷியோ (எவ்வளவு குறைப்பது) 3:1, அட்டாக் (குறைக்கத் தொடங்கும் வேகம்) 10 மில்லிசெகண்ட், ரிலீஸ் (விட்டுவிடும் வேகம்) 80 மில்லிசெகண்ட் அளவில் தொடங்கி, 3 முதல் 5 டெசிபல் குறையும்வரை திரெஷோல்டை (கம்ப்ரஸர் வேலை தொடங்கும் அளவு) இறக்குங்கள். டிரம்ஸுக்கு அட்டாக்கை 30 மில்லிசெகண்ட் வரை தாராளமாக விடுங்கள். அட்டாக் 1 மில்லிசெகண்டில் இருந்தால் அடியின் முனையையே கம்ப்ரஸர் விழுங்கிவிடும். ரிலீஸ் மிக நீளமாக இருந்தால், அடுத்த அடி விழும்வரை சத்தம் மீளவே மீளாது.

படி 4: லிமிட்டர்

மிக்ஸை 24 பிட் வேவ் கோப்பாக எடுத்து, மாஸ்டரிங்குக்கு (மிக்ஸை வெளியீட்டுக்குத் தயாராக்கும் கடைசிக் கட்டம்) தனி புராஜெக்ட் திறங்கள். லிமிட்டரில் ட்ரூ பீக் வசதியை (டிஜிட்டல் மாதிரிகளுக்கு இடையே எழும் உச்சத்தையும் கணக்கிடுவது) இயக்கி, சீலிங்கை (உச்சம் தாண்டக்கூடாத எல்லை) -1 டெசிபலில் வையுங்கள். எம்பி3 போன்ற வடிவங்களுக்கு மாற்றும்போது உச்சங்கள் சற்று எகிறும். அந்த 1 டெசிபல் அதற்கான முன்னெச்சரிக்கை.

பாட்டின் மிகச் சத்தமான பகுதியை ஓடவிட்டு, அங்கே 2-3 டெசிபல் குறையும்வரை கெயினை ஏற்றுங்கள். அதற்குமேல் தேவைப்பட்டால் லிமிட்டரை விட்டுவிட்டு மிக்ஸுக்குத் திரும்புங்கள். பெரும்பாலும் படி 2-இல்தான் குறை இருக்கும்.

ஒப்பிடும்போது ஒரு பொறி உண்டு. சத்தம் கூடியதைக் காது 'நல்லது' என்றே சொல்லும். லிமிட்டர் 4 டெசிபல் ஏற்றியிருந்தால், வெளியீட்டை 4 டெசிபல் இறக்கிவிட்டு பைபாஸ் பட்டனை (லிமிட்டரைத் தற்காலிகமாக அணைப்பது) மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஸ்னேர் டிரம் அடியின் முனை மழுங்கியதா, பல்லவி வரும்போது எழுச்சி குறைந்ததா என்பது அப்போதுதான் தெரியும்.

படி 5: அளந்து பாருங்கள்

இன்டகிரேட்டட் அளவைப் பாட்டின் தொடக்கம் முதல் முடிவுவரை ஓடவிட்டே பார்க்க வேண்டும். ஸ்பாட்டிஃபை, யூடியூப் இரண்டும் வழக்கமாக -14 லஃப்ஸுக்கும், ஆப்பிள் மியூசிக் -16-க்கும் பாட்டுகளைச் சமன் செய்கின்றன. உங்கள் பாட்டு -8 லஃப்ஸ், பீக் -1 என்று வையுங்கள். -14 தளத்தில் அது 6 டெசிபல் இறக்கப்படும். பீக் -7-க்குப் போய்விடும். -14 லஃப்ஸில் பீக் -1 உள்ள இன்னொரு பாட்டு அப்படியே ஒலிக்கும். இரண்டும் ஒரே சத்தம். ஆனால் இரண்டாவதன் டிரம்ஸ் அடிகள் 6 டெசிபல் கூடுதல் உயரம் பாயும். நசுக்கியதால் முதல் பாட்டுக்குக் கிடைத்த லாபம் எதுவுமில்லை.

இதற்காக எல்லாப் பாட்டையும் -14-க்கு அடித்து உட்காரவைக்கத் தேவையில்லை. அடர்த்தியான ராக் பாட்டு -9-இல் இயல்பாகவே நன்றாக இருக்கலாம். தனி கிட்டார் -18-இல் அழகாக நிற்கலாம். சமன்செய்வதை அணைத்துவிட்டுக் கேட்பவர்களும் உண்டு. யூடியூப் சத்தமான பாட்டை இறக்குமே தவிர, சன்னமானதை ஏற்றாது. -18-இல் விடும்போது அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கடைசியாக ஏற்றுமதி: தளம் ஏற்றால் 24 பிட் வேவ். 16 பிட் கேட்டால் டித்தரை (பிட் குறைக்கும்போது வரும் சிதைவை மறைக்கச் சேர்க்கும் மெல்லிய இரைச்சல்) இயக்குங்கள், ஒரே ஒருமுறை, லிமிட்டருக்கும் பின்னால்.