பழைய கணக்கு, புதிய எல்லை: மக்கள்தொகை வரைபடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கல்லூரி மாணவர்கள் சிலருக்கு வரைபடம் போடச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டாம் நாள் மாலை ஒரு மாணவி லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். தமிழ்நாட்டு மக்கள் அடர்த்தி. வேலூர் கருஞ்சிவப்பாக இருந்தது. பக்கத்தில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் வெள்ளையாகக் கிடந்தன. சில வருஷங்களுக்கு முன் நான் போட்ட அதே வரைபடம்.

அளவுகோல், வடக்குக் குறி, நிற விளக்கம் இவற்றை மறப்பதைப் பற்றி எழுதப் போவதில்லை. அதை யார் பார்த்தாலும் சொல்லிவிடுவார்கள்.

2011 எண்ணை இன்றைய எல்லைக்குள் திணிப்பது

2011 கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள். இன்று 38. வேலூர் 2019-இல் மூன்றாகப் பிரிந்தது. காஞ்சிபுரம், விழுப்புரம், திருநெல்வேலியும் அதே வருஷம் பிரிந்தன. 2020-இல் மயிலாடுதுறை வந்தது. நம் கையில் இருக்கும் கணக்கு பழையது, இறக்கிக்கொள்ளும் எல்லைக் கோப்பு புதியது. க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் மாவட்டப் பெயரை வைத்து ஜாயின் கொடுத்தால், அதாவது இரண்டையும் இணைத்தால், வேலூரும் வேலூரும் ஒட்டிக்கொள்ளும். அதிலிருந்து பிரிந்த ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பழைய அட்டவணையில் இல்லாததால் வெள்ளையாக நிற்கும். ஒரு எச்சரிக்கையும் வராது.

பழைய வேலூரின் 39,36,331 பேரும் மூன்றில் ஒரு பங்கு நிலத்துக்குள் வந்து விழுவார்கள். சதுர கிலோமீட்டருக்கு 648 ஆக இருந்த அடர்த்தி 1,900-ஐ நெருங்கும். சென்னையில் இதற்கு நேரெதிர். 2011-இல் சுமார் 175 சதுர கிலோமீட்டராக இருந்த மாவட்டம் 2018-இல் 426 ஆக விரிந்தது. அதனால் 26,553 என்ற அடர்த்தி 11,000-க்கும் கீழே இறங்கிவிடும்.

நான் அன்று போட்ட வரைபடம் மருத்துவ முகாம்களுக்கு இடம் தேர்ந்தெடுக்கும் ஒரு கூட்டத்துக்காக. ஏ3 தாளில் 60 கலர் பிரதி எடுத்திருந்தோம். ஆம்பூர்ப் பக்கம் பல வருஷம் வேலை பார்த்த செவிலியர் ஒருவர் அந்த வெள்ளைப் பகுதியில் விரலை வைத்து, "சார், ஆம்பூர், வாணியம்பாடியில எல்லாம் ஆளே இல்லைன்னு போட்டிருக்கீங்களே?" என்றார். அதற்குள் ஐந்து முகாம்களில் நான்கை வேலூருக்கு ஒதுக்கி முடித்திருந்தார்கள். பட்டியலை மாற்ற மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் வாணியம்பாடிக்கு முகாம் இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

சரி, என்ன செய்வது? மாவட்ட அட்டவணையை விட்டுவிட்டு கிராம, நகர அட்டவணைக்கு இறங்குங்கள். ஒவ்வொரு ஊரும் இன்று எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று குறித்து, கீழிருந்து கூட்டி வாருங்கள். தாலுகாவோடு நின்றுவிடாதீர்கள், தாலுகாக்களும் பிரிந்திருக்கின்றன. பெயரை நம்ப வேண்டாம். கணக்கெடுப்பில் ஒவ்வொரு ஊருக்கும் கொடுத்திருக்கும் குறியீட்டு எண்ணை வைத்து இணையுங்கள். அப்புறம் கூட்டிப் பாருங்கள். வேலூர் 16,14,242, ராணிப்பேட்டை 12,10,277, திருப்பத்தூர் 11,11,812. மூன்றும் சேர்ந்து பழைய 39,36,331 வர வேண்டும். மாநிலம் முழுக்க 7,21,47,030. ஓர் ஆள் குறைந்தாலும் ஏதோ ஓர் ஊர் விடுபட்டிருக்கிறது.

2027 கணக்கெடுப்பின் எண்கள் வெளிவந்ததும் இதே தவறு திரும்ப வரும். இரண்டு அட்டவணையையும் பக்கத்தில் வைத்து, வேலூரில் மக்கள்தொகை பாதியாகிவிட்டது என்று யாராவது எழுதுவார்கள். அதை எழுதுபவர் நீங்களாக இருக்க வேண்டாம்.

எண்ணிக்கைக்கு நிறம் தீட்டுவது

தீட்டாதீர்கள். மொத்தம் எத்தனை பேர் என்ற எண்ணிக்கைக்கு வட்டம், சதுர கிலோமீட்டருக்கு எத்தனை பேர் என்பது போன்ற விகிதத்துக்கு நிறம்.

சம இடைவெளியில் பிரிப்பது

2011-இல் சென்னையின் அடர்த்தி 26,553. அடுத்து வரும் கன்னியாகுமரி 1,111. கடைசியில் நீலகிரி 287. இதை ஐந்து சமப் பிரிவாக வெட்டினால் சென்னைக்கு ஒரு நிறம், மீதி 31 மாவட்டத்துக்கும் ஒரே நிறம். சென்னையைத் தனியாக ஒதுக்கிவிட்டு மற்றவற்றைப் பிரியுங்கள்.

புள்ளிகளை மென்பொருள் தூவிய இடத்திலேயே விடுவது

ஒரு புள்ளிக்கு இத்தனை பேர் என்று வைத்துப் போடும் வரைபடத்தில், மாவட்ட எல்லைக்குள் எங்கே வேண்டுமானாலும் மென்பொருள் புள்ளியைத் தூவும். நீலகிரியில் இப்படிச் செய்தால் குன்னூரில் இருக்க வேண்டிய புள்ளிகள் முதுமலையில் யானை நடமாடும் காட்டுக்குள் போய் உட்காரும். காட்டையும் நீர்நிலைகளையும் முதலில் வெட்டி எடுத்துவிட்டு, அதன் பிறகு தூவுங்கள்.