பனியில்லாத காலத்தில் பனிச்சறுக்குச் சரிவில் மலையேறும் முறை

பனி உருகியபின் பனிச்சறுக்குச் சரிவுகள் அகன்ற புல்வெளிகளாகிவிடும். உச்சிவரை வழி கண்ணுக்குத் தெரிவதால் பலரும் நேராக ஏறத் தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் அந்தச் சரிவு மேலிருந்து வேகமாக இறங்குவோருக்காக வெட்டப்பட்டது. நடப்பவரின் மூச்சையும் முழங்காலையும் கருதி அமைக்கப்பட்டதன்று.

முதலில், நடக்க அனுமதி உண்டா என்று சரிவை நடத்தும் நிறுவனத்திடம் கேளுங்கள். பனிச்சறுக்குவோரை மேலே ஏற்றிச் செல்லும் லிஃப்டின் பராமரிப்பு, கட்டுமானம், மலைச் சைக்கிள் ஓட்டம் ஆகியவை பெரும்பாலும் இக்காலத்தில்தான் நடக்கும். அடைத்திருக்கும் பகுதிக்குள் நுழையவே கூடாது.

பிறகு சரிவின் நிறத்தை, அதாவது அதன் கடினத்தைக் குறிக்கும் வண்ணக் குறியீட்டைப் பாருங்கள். ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் நீலச் சரிவு பொதுவாக 25 சதவீதச் சாய்வுக்குள்ளும், சிவப்பு 40 சதவீதத்துக்குள்ளும் இருக்கும். கறுப்பு அதற்கும் மேல். புதியவர்கள் நீலத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இயந்திரங்கள் மேலே செல்வதற்கான மண்சாலை இருந்தால், தூரம் கூடினாலும் அதையே நான் பரிந்துரைப்பேன்.

நேரத்தைக் கணிக்க, 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் வகுத்த விதி இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதனுடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் மேலும் ஒரு மணி நேரம். இதன்படி 600 மீட்டர் உயரும் 3 கிலோமீட்டர் சரிவுக்கு ஓய்வு நீங்கலாக 1 மணி 36 நிமிடம் ஆகும். புல்லில் நடக்கும்போது இன்னும் கூடும்.

ஏறும்போது குறுக்கும் நெடுக்குமாக வளைந்து செல்லுங்கள். குதிகால் தரையில் படியாமல் முன்பாதத்திலேயே ஏறினால் கெண்டைக்கால் விரைவில் சோர்ந்துவிடும். உயர்ந்த புல்லுக்கடியில் மழைநீர் வடிய வெட்டிய குறுக்குக் கால்வாய்களும், செயற்கைப் பனி தயாரிக்கும் குழாய்களின் இணைப்புகளும் மறைந்திருக்கக்கூடும் என்பதால், கணுக்காலைத் தாங்கும் காலணியும் ஊன்றுகோலும் வேண்டும். நிழலே இராது, தண்ணீரைத் தாராளமாக எடுத்துச் செல்லுங்கள். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். ஆகவே, அடிவாரத்தில் வெயில் கொளுத்தினாலும் காற்றைத் தடுக்கும் மேலாடை பையில் இருக்கட்டும்.

இடி கேட்டால் உடனே இறங்கத் தொடங்குங்கள். திறந்த சரிவிலும் லிஃப்ட் கோபுரங்களின் அருகிலும் நிற்காதீர்கள்.

ஏற்றத்தைவிட இறக்கமே முழங்காலை அதிகம் வருத்தும். ஈரப்புல்லில் வழுக்கி விழுவதும் பெரும்பாலும் இறங்கும்போதுதான். கோடையிலும் கேபிள் கார் ஓடும் மலையாயின், கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதை ஏறுமுன்பே கேட்டறிந்து, அதில் இறங்கிவிடுங்கள். இல்லையென்றால், இருட்டுவதற்குள் கீழே வந்து சேரும்படி திரும்பும் நேரத்தை முன்பே குறித்துக்கொண்டு, உச்சி எட்டாவிட்டாலும் அந்த நேரத்தில் திரும்பிவிடுங்கள்.