மணலில் இழுக்கிற ஹெடர்: பழைய சுசுகி ஜீப்பில் மாட்டும் முறை

ஹெடர், அதாவது எஞ்சின் புகையை ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் தனித்தனியாக வெளியே கொண்டுபோகிற குழாய்த் தொகுதி, போட வேண்டும் என்று என்னிடம் வருகிற பொடியன்கள் குழாயின் அளவை ஏற்கெனவே முடிவுசெய்துகொண்டுதான் வருகிறார்கள். "அண்ணா, ரெண்டு இஞ்சிலை போட்டுத் தாங்கோ" என்பார்கள். 1.3 லீட்டர் எஞ்சினுக்கு இரண்டு அங்குலக் குழாய்! போட்டால் சத்தம் வரும், இழுவை போகும். நிலாவெளிக்கு அப்பால் கடற்கரை மணலில் இறக்கிப் பார்த்தால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

என் பிழைப்பு திருகோணமலைத் திருக்கடலூரில் படகுகளின் அவுட்போர்ட் எஞ்சின் திருத்துவது. ஜீப் வேலை அதற்குப் பக்கத்தில் நடக்கிறது. என்னிடம் இருப்பது கார்பரேட்டர் வைத்த பழைய சுசுகி எஸ்ஜே 413 ஜீப். குச்சவெளிப் பக்கம் மீன் வாடிகளுக்குப் போய் எஞ்சின் பார்க்க அதைவிடத் தோதான வண்டி இல்லை. அதனால் இங்கே சொல்வதெல்லாம் அந்த வண்டியை வைத்துத்தான். ஜிம்னி வைத்திருப்பவர்களுக்கும் வேலை ஏறக்குறைய இதேதான். புகையில் மிஞ்சுகிற ஒக்சிஜனை அளக்கிற சென்சர் வருகிற இடத்தில் மட்டும் வித்தியாசம், அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஆசையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். 1324 சிசி, அறுபத்துச் சொச்சம் குதிரைவலு உள்ள எஞ்சின் இது. நல்ல ஹெடர் போட்டு, காற்று-பெற்றோல் கலவையையும் சரிபார்த்தால் ஐந்து சதவீதம் கூடினாலே நான் திருப்திப்படுவேன். ஆனால் அது எந்த இடத்தில் கூடுகிறது என்பதுதான் முக்கியம். மணலிலும் சேற்றிலும் நாம் நிமிடத்துக்கு 2000-க்கும் 3500-க்கும் இடைப்பட்ட சுற்றில்தான் ஓடுகிறோம். 6000 சுற்றில் கிடைக்கிற பலம் நமக்கு எதற்கு? பெரிய டயரை மாட்டிவிட்டு "ஏறுதில்லை" என்பவர்களுக்கு ஹெடர் மருந்தே இல்லை. இந்த வண்டியின் டிரான்ஸ்பர் கேஸில் (நான்கு சக்கரங்களுக்கும் பலத்தைப் பிரித்துக் கொடுக்கிற இரண்டாவது கியர் பெட்டியில்) லோ கியர் விகிதம் 2.268; அதை 4.16 ஆக்குகிற கியர் செட் வெளியில் கிடைக்கிறது. காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் அதற்கே கொடுங்கள்.

சரி, ஹெடர்தான் என்று முடிவாகிவிட்டதா? அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அளவை நீங்களே தேர்ந்துகொள்ளலாம். கம்பெனி மனிபோல்ட், அதாவது எஞ்சினோடு வருகிற புகைக் குழாய், வார்ப்பிரும்பு. நான்கு துளைகளும் சிறிது தூரத்திலேயே ஒன்றோடொன்று கலந்துவிடும்; ஒரு சிலிண்டர் தள்ளுகிற புகை அடுத்ததன் வாய்க்குள் போய் முட்டும். ஹெடரில் ஒவ்வொன்றுக்கும் தனிக் குழாய். புகை ஒரு வீச்சாகப் புறப்பட்டுப் போகும்போது அதன் பின்னால் அழுத்தம் குறைகிறது. அந்த வீச்சு குழாய்கள் சேருகிற இடத்தை அடைந்ததும் அங்கிருந்து ஓர் உறிஞ்சல் அலை திரும்பி வால்வுப் பக்கம் வரும். உள்ளே விடும் வால்வும் வெளியே விடும் வால்வும் சேர்ந்தே சற்றுத் திறந்திருக்கிற அந்த நொடியில் அலை வந்து சேர்ந்தால், மிச்சப் புகையை இழுத்தெடுத்துப் புதுக் கலவைக்கு இடம் செய்துகொடுக்கும். அலை எப்போது வந்து சேரும் என்பதைக் குழாயின் நீளம் தீர்மானிக்கிறது, புகையின் வேகத்தைக் குழாயின் அகலம் தீர்மானிக்கிறது. நீண்டு ஒடுங்கியது குறைந்த சுற்றில் உதவும், குட்டையாய் அகன்றது அதிகச் சுற்றில். இரண்டு அங்குலத்தில் புகை சோம்பிப்போய்விடும்.

அதனால் நம் பாவனைக்கு நான்கு இரண்டாகி, இரண்டு ஒன்றாகிற வகையையே சொல்வேன். இந்த எஞ்சின் 1-3-4-2 என்ற வரிசையில் வெடிக்கிறது. ஆகவே 1-உம் 4-உம் ஒரு சோடி, 2-உம் 3-உம் ஒரு சோடி. இப்படிச் சேர்த்தால் ஒவ்வொரு சோடியிலும் வெடிப்புகள் சம இடைவெளியில் வரும். வளைக்கச் சுலபம் என்று பக்கத்துக் குழாய்கள் 1-ஐயும் 2-ஐயும் சேர்த்துத் தந்தால் வாங்காதீர்கள். அது பார்வைக்கு மட்டும் ஹெடர். முதல் குழாய்கள் ஒன்றேகால் முதல் 1⅜ அங்குலம் வரை, கூடிப்போனால் ஒன்றரை. சேர்ந்த பிறகு ஒன்றரை, கடைசிக் குழாய் 1¾. முதல் குழாய்கள் நான்கும் ஓர் அங்குல வித்தியாசத்துக்குள் ஒரே நீளமாக இருந்தால் போதும். மில்லிமீட்டர் கணக்குப் பார்ப்பது ரேஸ்காரர் வேலை.

ஆயத்தமாகச் செய்தது கிடைத்தால் நல்லது, கொழும்புப் பஞ்சிகாவத்தையில் விசாரித்துப் பாருங்கள். கிடைக்காவிட்டால் செய்விக்க வேண்டும். அங்கேதான் திருகோணமலைக்காரருக்குச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. கேற் செய்கிற கடைகளில் ஜிஐ தண்ணிக் குழாயின் வளைவுகளை வைத்து ஒட்டித் தருகிறேன் என்பார்கள். விலை மலிவு, வளைவும் கைவசம் இருக்கும். வேண்டாம். அந்தத் துத்தநாகப் பூச்சு வெல்டிங் சூட்டில் ஆவியாகி, ஒட்டுகிறவருக்கே காய்ச்சலைக் கொண்டுவரும். மிஞ்சியதும் ஓடுகிற சூட்டில் கழன்றுபோய்விடும்.

சாதா இரும்புக் குழாய் 1.6 மிமீ தடிப்பில் கொழும்பில் வருடக்கணக்கில் ஓடும். இங்கே கடற்கரையில் நிறுத்துகிற வண்டிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. செராமிக் பூச்சு அடித்தால் தாக்குப்பிடிக்கும். அதைவிட 304 ரக எவர்சில்வர் எனக்குப் பிடிக்கும். ஆனால் அது சூட்டில் சாதா இரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நீளும். நெகிழ இடம் கொடுக்காமல் இறுக்கிப் பிடித்தால் ஒட்டு வெடிக்கும். சூட்டு நாடா சுற்றலாமா என்று கேட்பார்கள். சாதா இரும்பில் சுற்றவே வேண்டாம். உப்பு ஈரத்தை அந்த நாடா பிடித்து வைத்துக்கொள்ளும், உள்ளே குழாய் உக்கிப்போவது அவிழ்க்கும்வரை தெரியாது.

எவர்சில்வர் ஒட்டுகிற ஆட்கள் நமது ஊரில் தாராளம், மாடிப்படிக் கைபிடி செய்கிறவர்கள் எல்லாம் கெட்டிக்காரர்கள். அவர்களிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: குழாயின் உள்ளேயும் ஆர்கன் வாயு விடுவீர்களா? கைபிடிக்கு அது தேவையில்லை, அதனால் பழக்கமிராது. உள்ளே ஆர்கன் இல்லாமல் ஒட்டினால் வெளியே மினுங்கும், உட்பக்கம் கருகின சீனி போலப் பொருக்கு வெடித்திருக்கும். அந்த இடத்திலிருந்துதான் பிறகு வெடிப்பு தொடங்கும். எஞ்சினில் பொருந்துகிற தகடு, பிளேஞ், 10 மிமீ சாதா இரும்பாக இருக்கலாம். அதையும் 304 குழாயையும் ஒட்ட 309 ரக ஒட்டுக் கம்பி பாவிக்க வேண்டும். ஒட்டிய சூட்டில் பிளேஞ் கட்டாயம் வளையும். லேத்துக் கடையில் கொடுத்து முகத்தைச் சீவி எடுங்கள். நேர்விளிம்பை வைத்துப் பார்த்தால் 0.15 மிமீ கேஜ் தகடு உள்ளே நுழையக்கூடாது.

இனிப் பழையதைக் கழற்றுவது. உண்மையில் ஹெடர் வேலை என்பது இதுதான், மற்றதெல்லாம் சில்லறை. சிலிண்டர் ஹெட் அலுமினியம், அதில் நிற்கிற தலையில்லாத புரிக்கம்பியான ஸ்டட் இரும்பு, நட் துருப்பிடித்து ஒரே கட்டி. முதல் நாள் பின்னேரமே, எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, எல்லா நட்டுக்கும் கழற்றும் எண்ணெய் விடுங்கள். கடை எண்ணெய் இல்லாவிட்டால் ஓட்டோமற்றிக் கியர் எண்ணெயும் (ATF) அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து விடலாம். அந்தக் கலவை நெருப்புப் பிடிக்கும், சூடான எஞ்சின் பக்கம் கொண்டுபோகக்கூடாது. படுக்கப் போகுமுன் இன்னொரு தடவை விடுங்கள்.

அடுத்த நாள் பற்றரி வயரைக் கழற்றிவிட்டு, ஆறு முனை சொக்கட்டை எடுங்கள். பன்னிரண்டு முனையுள்ளது மூலையைத் தின்றுவிடும். முதலில் கழற்றும் பக்கம் திருப்பாமல் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை அசையுங்கள். துரு பிடி விடும்போது 'டக்' என்று சின்னச் சத்தம் கேட்கும். பிறகு கால் சுற்று கழற்றி, அரைக்கால் சுற்று திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி கால் சுற்று. மண்ணிறமாக எண்ணெய் கசிந்து வந்தால் துரு வெளியேறுகிறது, நல்லது. கையில் கவனம் இருக்கட்டும்: நட் திரும்புகிறது, ஆனால் இறப்பர் மாதிரி இழுபடுகிறது என்று தோன்றினால் திரும்புவது நட் அல்ல, ஸ்டட் முறுகுகிறது. உடனே நிறுத்துங்கள். பெற்றோல் குழாயை விலக்கி மறைத்துவிட்டு, சின்ன டோர்ச்சால் நட்டை மட்டும் சூடாக்குங்கள், ஹெட்டை அல்ல. சூடான நட்டின் அடியில் மெழுகுதிரியைத் தொட்டால் மெழுகு புரிக்குள் உறிஞ்சப்படும். முக்கால்வாசிப் பிடிவாதங்கள் அதோடு முடிந்துவிடும். அப்படியும் ஒன்று முறிந்தால் கைத்துளைப்பானை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். துளை ஊசி இரும்பை விட்டு விலகி மிருதுவான அலுமினியத்துக்குள் போய்விடும். லேத்துக் கடைக்காரர் இடப்பக்கம் சுற்றுகிற ஊசியால் நடுவில் துளைத்து எடுத்துத் தருவார்.

நட் கழன்றாலும் பழைய ஸ்டட்டுகளை மாற்றிவிடுங்கள். இரண்டு நட்டை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்து, உள்பக்க நட்டைத் திருப்பினால் ஸ்டட் வெளியே வரும். புதியதன் புரியில், இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் தடுக்கிற களிம்பு தடவிக் கையால் போடுங்கள். செம்பு நட் கிடைத்தால் அடுத்த முறை கழற்றுகிறவர் உங்களை வாழ்த்துவார்.

மாட்டுவது சுலபம். கஸ்கட்டை வெறுமனே வையுங்கள், சிலிக்கோன் பசை பூச வேண்டாம். அது எரிந்துபோகும், சென்சர் உள்ள வண்டியில் சென்சரையும் கெடுக்கும். எல்லா நட்டையும் கையால் பிடிக்க வைத்துவிட்டு, நடுவிலிருந்து இரு பக்கமும் மாறிமாறி இறுக்குங்கள். 8 மிமீ ஸ்டட்டுக்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் போதும். ஹெடர் முடிந்த இடத்தில் நெளிகிற இணைப்பு ஒன்று கட்டாயம் வேண்டும். எஞ்சின் றபரில் ஆடும், சைலன்சர் சேசிஸில் தொங்கும். இடையில் நெளிவு இல்லாவிட்டால் ஹெடர்தான் முறியும். தாங்கி வைப்பதானால் கியர் பெட்டியில் பிடியுங்கள், சேசிஸில் அல்ல. பழைய மனிபோல்டிலிருந்து காற்றுவடிகட்டிக்குச் சூட்டுக் காற்று கொண்டுபோகிற குழாய் இருந்தால் அந்த வாயை அடைத்துவிடுங்கள். அது குளிர்நாட்டுக்காரருக்கு வைத்தது.

ஜிம்னிக்காரர்கள்: சென்சரைக் குழாயின் மேற்பாதியில், சற்றுச் சரிவாக வையுங்கள். அடியில் வைத்தால் குழாயில் படிகிற நீர் அதற்குள் இறங்கும். சென்சருக்கு முன்னால் சிறு கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போய், எஞ்சின் மூளை கலவை மெலிந்துவிட்டது என்று தவறாக நினைத்துப் பெற்றோலைக் கூட்டிவிடும். புகையின் நச்சைக் குறைக்கிற கற்றலிற்றிக் கொன்வேட்டரை அகற்றாதீர்கள்.

ஸ்டார்ட் பண்ணுமுன் தின்னரால் குழாயைத் துடையுங்கள், எவர்சில்வரில் விரல் அடையாளமே சூட்டில் கறையாக நிற்கும். முதல் ஓட்டத்தில் எண்ணெய் எரிந்து புகை வரும், அதனால் வெளியில் வைத்தே ஓட விடுங்கள். மூடிய கராஜில் புகை ஆளைக் கொல்லும். கசிவைப் பார்க்க, எஞ்சின் ஆறிய பிறகு தூசு உறிஞ்சியின் ஊதுகிற பக்கத்தைப் பின் குழாயில் பிடித்து, இணைப்புகளில் சவர்க்கார நீரைத் தெளியுங்கள். குமிழி வந்த இடம் கசிகிற இடம். இரண்டு மூன்று தடவை சூடாகி ஆறிய பின் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள், குளிர்ந்த எஞ்சினில்.

இனிக் கலவை. காற்று தாராளமாகப் போக ஆரம்பித்ததும் கார்பரேட்டர் தருகிற பெற்றோல் போதாமல் போகலாம். நிலாவெளி வீதி வெறிச்சோடியிருக்கிற விடியற்காலையில் மூன்றாம் கியரில் நன்றாக மிதித்து ஓடி, கிளட்சை அழுத்தி எஞ்சினை நிறுத்துங்கள். வண்டி நிற்கும்வரை சாவியை உருவக்கூடாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் நுனியைப் பாருங்கள். இளம் மண்ணிறம் என்றால் சரி. வெள்ளை என்றால் மெலிவு, கார்பரேட்டரில் பெற்றோல் விடுகிற துளைத் திருகான மெயின் ஜெட்டை ஒரு படி கூட்டுங்கள். கறுப்புக் கரி என்றால் அதிகம். காலை எடுக்கும்போது பின்னால் 'பட் பட்' என்று வெடித்தால் ஜெட்டைத் தொடுமுன் கசிவைத் தேடுங்கள்.

ஹெடர் பழைய மனிபோல்டைவிட அதிகச் சூட்டை எஞ்சின் அறைக்குள் விடும். பெற்றோல் குழாய், பிரேக் குழாய், வயர் எல்லாம் அதிலிருந்து இரண்டு அங்குலமாவது தள்ளியிருக்கட்டும்; முடியாத இடத்தில் தகர மறைப்பு வையுங்கள். கச்சான் காற்றுக் காலத்தில் காய்ந்த இலுக்குப் புல்லின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள், அடியில் ஓடுகிற குழாய் பற்றவைத்துவிடும். மாரியில் வாய்க்கால் கடக்குமுன் எஞ்சினைக் கொஞ்சம் ஆறவிடுங்கள்.

கலவையைச் சரிபார்த்த பிறகுதான் புகைப் பரிசோதனைக்குப் போக வேண்டும். வெறும் ஐடிலிலும் 2500 சுற்றிலும் அளக்கிறார்கள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. சைலன்சரும் சத்தத்தை அடக்குவதாக இருக்கட்டும், வீதியில் மறிக்கிறவருக்கு உங்கள் சோடிக் குழாய்க் கணக்கை விளங்கப்படுத்த முடியாது. கழற்றிய வார்ப்பு மனிபோல்டை இரும்புக்காரருக்குக் கொடுக்காமல் எண்ணெய் பூசிச் சாக்கில் கட்டி வையுங்கள். வண்டியை விற்கும்போது வாங்குகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.