நெடுநாள் நின்ற காரை ஓட வைக்க: சாவியைத் தொடுமுன் செய்ய வேண்டியவை

செங்கோட்டை, புளியரை, பண்பொழிப் பக்கம் வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களின் கார்கள் ஓராண்டு, ஈராண்டு ஷெட்டிலேயே நிற்பது சாதாரணம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் சாரல் காற்று ஷெட்டுக்குள்ளும் ஈரத்தைக் கொண்டுவந்துவிடும். ஊர் திரும்பியவுடன் புது பேட்டரியை மாட்டி செல்ஃப் அடித்துப் பார்க்கத்தான் கை போகும். தயவுசெய்து வேண்டாம். என்ஜின் ஆயில் எல்லாம் கீழே சம்பில், அதாவது அடியில் உள்ள ஆயில் தொட்டியில், இறங்கி, சிலிண்டர் சுவர் காய்ந்து, லேசாகத் துருவும் பிடித்திருக்கும். காய்ந்த சுவரில் பிஸ்டன் ரிங் உரசினால் விழும் கீறல் பிறகு போகாது. வண்டி ஆயில் குடிக்கத் தொடங்கும்.

முதலில் பானெட்டைக் கம்பால் தட்டிவிட்டுத் திறந்து, டார்ச் அடித்துப் பாருங்கள். பாம்பு ஒதுங்கியிருக்கலாம். ஏர் ஃபில்டர் பெட்டியில் எலி தென்னை நார் சேர்த்திருக்கும், வயரையும் கடித்திருக்கும். சைலன்சர் வாயில் குளவி மண் கூடு கட்டியிருந்தால் குத்தி வெளியே எடுங்கள், உள்ளே தள்ளாதீர்கள்.

பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில். 35 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு 3 முதல் 4 ஆம்பியரில் மெதுவாக சார்ஜ் போதும். சார்ஜரை எடுத்துச் சில மணி நேரம் கழித்து மீட்டரில் 12.6 வோல்ட் காட்டினால் நலம். 12.4-க்குக் கீழே இறங்கினால் அதை நம்பி மலை ஏற முடியாது, 10.5 பக்கம் நின்றால் ஒரு செல் போய்விட்டது.

பெட்ரோலை மோந்து பாருங்கள். வார்னிஷ் வாடை அடித்தால் முழுதும் இறக்குங்கள். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது; அது காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். அதனால் மேலே புது பெட்ரோல் ஊற்றிக் கலந்தால் சரியாகும் என்ற நினைப்பு இங்கே பலிக்காது. டீசல் வண்டியில் ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். கறுப்பாகக் கொழகொழவென்று வந்தால் டேங்கையே கழுவ வேண்டும்.

இனி என்ஜின். பழைய ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் பால் நிறம் தெரிந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது, அங்கேயே நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் 5 மில்லி, அதாவது ஒரு டீஸ்பூன், என்ஜின் ஆயில் விட்டு ஓரிரவு ஊறவிடுங்கள். மறுநாள் கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பானர் போட்டு, என்ஜின் சுற்றும் திசையிலேயே கையால் இரண்டு சுற்று சுற்றுங்கள். இறுகி நின்றால் பலம் காட்டாதீர்கள். ஆயில் விட்டு இன்னும் ஒரு நாள் விடுங்கள். சுலபமாகச் சுற்றினால் பியூயல் பம்ப் ரிலேயையும் இக்னிஷன் காயில் இணைப்புகளையும் எடுத்துவிட்டு, பிளக் துளைகளைத் துணியால் மூடி, ஐந்து விநாடி வீதம் மூன்று நான்கு முறை செல்ஃப் அடியுங்கள். ஆயில் மேலே ஏறும், சிலிண்டரில் விட்ட மிச்சம் துணியில் தெறிக்கும். பிறகு பிளக்குகளைக் கையாலேயே மரை ஏற்றிவிட்டு, கடைசியில் மட்டும் ஸ்பானர். எடுத்த ரிலேயையும் காயில் இணைப்புகளையும் திரும்ப மாட்டுங்கள்.

ஸ்டார்ட் செய்வது திறந்த வெளியில்தான். மூடிய ஷெட்டில் புகை உயிரை எடுக்கும். முதலில் வரும் நீலப்புகை நீங்கள் விட்ட ஆயில், சில நிமிடத்தில் தெளியும். டாஷ்போர்டில் எரியும் ஆயில் விளக்கு ஐந்து விநாடிக்குள் அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். ரேடியேட்டர் விசிறி ஒருமுறை சுற்றி நிற்கும் வரை ஐடிலில் விட்டு, அடியில் ஒழுகலைப் பாருங்கள்.

ஹேண்ட்பிரேக் போட்டு நின்ற வண்டியில் பின் லைனிங் டிரம்மோடு ஒட்டியிருக்கும். முதல் கியரிலும் ரிவர்ஸிலும் மெல்ல அசையுங்கள், டிரம்மை மரச்சுத்தியலால் தட்டுங்கள். இழுத்துப் பிடுங்கினால் லைனிங் பெயர்ந்துவிடும். பிரேக் ஆயிலும் ஈரம் இழுக்கும், இரண்டு ஆண்டு ஆகியிருந்தால் மாற்றியே தீர வேண்டும். டயரில் வெடிப்பு இருந்தால் காற்று அடித்து ஏமாற வேண்டாம்.

காப்பீடு காலாவதியாகியிருந்தால் சாலைக்கு எடுக்குமுன் புதுப்பியுங்கள். 90 நாள் தாண்டியிருந்தால் நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காததற்கான பிரீமியம் தள்ளுபடி, போயிருக்கும்.

முதல் ஓட்டம் புளியரை வளைவுகளில் வேண்டாம். தென்காசிப் பக்கம் சமதளத்தில் பத்து கிலோமீட்டர் போய் வந்து, நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகமாகக் கொதித்தால் அந்தப் பிரேக் பிடித்தபடியே இருக்கிறது; அதைப் பிரித்துச் சரிசெய்த பிறகே மலைப்பாதை.