பிக் அப்: தூக்குவதா, கூட்டி வருவதா, தொற்றிக்கொள்வதா?

வண்டியை மெக்கானிக்கிடம் விட்டு “பிக்கப்பே இல்லைங்க” என்கிறோம். புது வேலையில் சேர்ந்தவர் “ஆபீஸ் வேன்ல பிக்கப், டிராப் ரெண்டும் உண்டு” என்கிறார். “இப்பதான் வியாபாரம் கொஞ்சம் பிக்கப் ஆகுது” என்று கடைக்காரர் சொன்னால் நாம் யாரும் அகராதியைத் தேடுவதில்லை. ஆக, ‘பிக் அப்’ என்ற ஆங்கில வினையின் மூன்று பொருள்கள் தமிழ் மட்டுமே பேசுகிறவருக்கும் தெரியும். மீதிப் பொருள்களை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்யாமல், வாக்கியத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பது எப்படி என்பதுதான் இங்கே விஷயம்.

வினையோடு அப், ஆஃப், அவுட் போன்ற ஒரு சின்னச் சொல் சேர்ந்து வேறு பொருள் தந்தால் அதை ஃப்ரேசல் வெர்ப் என்பார்கள். 1755-இல் ஆங்கில அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், வெளிநாட்டவருக்கு இந்த மொழியில் மிகப் பெரிய தொல்லை இதுதான் என்று முன்னுரையிலேயே எழுதிவிட்டார். தொல்லை பழையதுதான்.

ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். மனசுக்குள் படிக்காமல் வாய்விட்டுப் படியுங்கள். ஏன் என்பது ஆறாம் படியில் புரியும்.

படி 1: ‘அப்’பை விழுங்காதீர்கள்

நம் ஊரில் அதிகம் காதில் விழும் தவறு இது. “பிக் மீ ஃப்ரம் த ஸ்டேஷன்”, “ஹீ இஸ் நாட் பிக்கிங் த கால்” என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். நமக்குள் பேசும்போது புரிந்துவிடுகிறது. ஆனால் ‘பிக்’ தனியாக வந்தால் அதன் பொருள் தேர்ந்தெடுப்பது, அல்லது பூ, பழம் பறிப்பது. “பிக் மீ” என்றால் ‘என்னைத் தேர்ந்தெடு’ என்றாகிறது. கிரிக்கெட் டீமுக்கு ஆள் எடுக்கும்போது சொல்ல வேண்டியதை ஸ்டேஷன் வாசலில் நின்று சொல்கிறோம்.

சரியான வடிவம்: “பிக் மீ அப் ஃப்ரம் த ஸ்டேஷன்.” போனுக்கு: “ஹீ இஸ் நாட் பிக்கிங் அப்.” இதில் ‘கால்’ என்ற சொல்லே தேவையில்லை.

வேடிக்கை என்னவென்றால், வேண்டிய இடத்தில் ‘அப்’பை விடுகிற நாம், வேண்டாத இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். சமாளிப்பதைச் சொல்ல ‘கோப் அப் வித்’ என்கிறோம்; ‘கோப் வித்’ என்றாலே போதும்.

படி 2: இரண்டு கிளைகளைப் பிடியுங்கள்

அடிப்படைப் பொருள் எளிது. கீழே கிடப்பதைக் கையில் எடுப்பது. “ஷீ பிக்ட் அப் த காயின்.” கிடந்த காசை எடுத்தாள்.

இந்த ஒரு செயலில் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று, எங்கோ இருந்தது நம் கைக்கு வருகிறது. இன்னொன்று, கீழே இருந்தது மேலே ஏறுகிறது. ‘பிக் அப்’பின் பெரும்பாலான பொருள்கள் இந்த இரண்டில் ஒன்றிலிருந்து கிளைத்தவை. ஏதோ ஒன்று ஒருவரிடம் வந்து சேர்கிறதா, அல்லது ஏதோ ஒன்று தானாக மேலே போகிறதா? இந்தக் கேள்வியைக் கேட்டாலே பாதி வேலை முடிந்தது.

தமிழில் ‘எடு’ என்ற வினை இதற்குக் கொஞ்ச தூரம் துணைக்கு வரும். பேனாவை எடுக்கிறோம், போனை எடுக்கிறோம், தீபாவளிக்குத் துணி எடுக்கிறோம், பஸ் வேகம் எடுக்கிறது. நான்குக்கும் ‘பிக் அப்’ பொருந்தும். அதற்காக எல்லா ‘எடு’வையும் பிக் அப் ஆக்கிவிடக் கூடாது. படம் எடுப்பதும் பசி எடுப்பதும் வேறு கதை.

படி 3: எதை ‘பிக் அப்’ செய்கிறார்கள் என்று பாருங்கள்

வாக்கியத்தில் செயப்படுபொருள் இருந்தால் பொருளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதுதான்.

ஆள் என்றால் கூட்டிக்கொண்டு வருவது. “ஐ வில் பிக் யூ அப் அட் சிக்ஸ்” என்றால் ஆறு மணிக்கு வந்து உங்களை அழைத்துப் போகிறேன். இங்கே ஒரு வாக்கியத்தை நிதானமாகப் பார்ப்போம்: “ஹீ பிக்ட் அப் ஹிஸ் சன்.” மகனைத் தூக்கினாரா, எங்கிருந்தாவது கூட்டி வந்தாரா? இவ்வளவு மட்டும் இருந்தால் சொல்ல முடியாது. பின்னால் “ஃப்ரம் ஸ்கூல்” என்று வந்தால் கூட்டி வந்தார். “அண்ட் கிஸ்ட் ஹிம்” என்று வந்தால் பெரும்பாலும் தூக்கிக் கொஞ்சினார். மகனுக்கு வயது இருபது என்று முன்பே தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம். சொல்லை முறைத்துப் பார்ப்பதில் பயனில்லை; அதற்கு முன்னும் பின்னும் பாருங்கள்.

போலீஸ் எழுவாயாக வந்தால் பொருள் தடாலென்று மாறும். “த போலீஸ் பிக்ட் ஹிம் அப் லாஸ்ட் நைட்.” இதை நாமும் அச்சு அசலாக அப்படியே சொல்கிறோம்: “ராத்திரி போலீஸ் தூக்கிட்டாங்க.”

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பாரிலோ பார்ட்டியிலோ முன்பின் தெரியாதவரை ‘பிக் அப்’ செய்ததாகச் சொன்னால், பேச்சுக் கொடுத்து வலையில் விழவைத்தார் என்று பொருள். ஆகவே “ஐ பிக்ட் அப் எ கேர்ள் லாஸ்ட் நைட்” என்று வெள்ளந்தியாகச் சொல்லிவைக்காதீர்கள். தங்கையை ஸ்டேஷனிலிருந்து கூட்டி வந்தீர்கள் என்றால் “மை சிஸ்டர்” என்றும் “ஃப்ரம் த ஸ்டேஷன்” என்றும் சேர்த்தே சொல்லுங்கள்.

கடைச் சாமான் என்றால் வாங்கி வருவது. “கேன் யூ பிக் அப் சம் மில்க் ஆன் யுவர் வே ஹோம்?” வரும் வழியில் பால் வாங்கி வா. இதில் ஒரு போகிறபோக்கு இருக்கும். கார் ஷோரூமில் பத்துத் தடவை ஏறி இறங்கி லோன் போட்டு வாங்கியதை இப்படிச் சொன்னால் கொஞ்சம் பந்தா தொனிக்கும். ஆனால் புக் செய்த காரை இன்று போய் எடுத்து வருவதற்குத் தாராளமாகச் சொல்லலாம்.

மொழி, பழக்கம், கைவேலை என்றால் தானாகப் பழகிக்கொள்வது. “ஷீ பிக்ட் அப் இந்தி அட் வொர்க்.” வேலை செய்கிற இடத்தில் காதில் விழுந்து விழுந்தே இந்தி வந்துவிட்டது. வகுப்பில் உட்கார்ந்து, ஃபீஸ் கட்டி, இலக்கணம் படித்துக் கற்றதற்கு இந்த வினை அவ்வளவாகப் பொருந்தாது. அதற்கு ‘லேர்ன்’ இருக்கிறது. இன்டர்வியூவில் எல்லாரும் ஒப்பிக்கும் “ஐ ஆம் எ குவிக் லேர்னர்”க்குப் பதிலாக “ஐ பிக் திங்ஸ் அப் குவிக்லி” என்று சொல்லிப் பாருங்கள். காதுக்கு இயல்பாக இருக்கும்.

நோய் என்றால் தொற்றிக்கொள்வது. “ஐ பிக்ட் அப் எ கோல்ட்.” வெளியிலிருந்து வந்து ஒட்டுவது எதுவோ அதற்குத்தான் இது: சளி, காய்ச்சல், வயிற்றுத் தொற்று. சர்க்கரை நோயை யாரும் ‘பிக் அப்’ செய்வதில்லை, அது உடலுக்குள்ளேயே உருவாவது.

ஒலி, சிக்னல் என்றால் கருவியில் சிக்குவது. ஆன்லைன் மீட்டிங்கில் யாராவது “யுவர் மைக் இஸ் பிக்கிங் அப் த ஃபேன்” என்றால், உங்கள் மைக்கில் ஃபேன் சத்தம் ஏறுகிறது என்று சொல்கிறார்கள். எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பிகளுக்கு அடியில் காந்தமும் சுருளுமாக ஒரு பாகம் இருக்குமே, கம்பியின் அதிர்வை வாங்கி மின்சாரமாக மாற்றுவது, அதன் பெயரும் பிக்கப்தான்.

பில் என்றால் பணம் கட்டுவது. “ஐ வில் பிக் அப் த பில்.” பில்லை எடுத்துப் பார்க்கப் போகிறார் என்று நினைத்துப் பர்ஸைத் திறக்காதீர்கள். முழுத் தொகையையும் அவரே கொடுக்கிறார்.

அறையைக்கூட ‘பிக் அப்’ செய்யலாம், அமெரிக்காவில். “பிக் அப் யுவர் ரூம்” என்று அங்கே அம்மா சொன்னால், இறைந்து கிடப்பதை ஒழுங்குபடுத்து என்று பொருள். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘டைடி அப்’ என்பார்கள்.

படி 4: செயப்படுபொருளே இல்லையா? ஏறுகிறது

“பிசினஸ் இஸ் பிக்கிங் அப்.” வியாபாரம் சூடுபிடிக்கிறது. “த விண்ட் பிக்ட் அப்.” காற்று வலுத்தது. மந்தமாக இருந்த ஒன்று எழும்புகிறது, அவ்வளவுதான்.

விதிவிலக்குகளும் உண்டு, இங்கே இரண்டு. “ஹீ இஸ் நாட் பிக்கிங் அப்” என்பதில் செயப்படுபொருள் இல்லை, ஆனால் எதுவும் ஏறவும் இல்லை. போன் என்பதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். “த ட்ரெயின் பிக்ட் அப் ஸ்பீட்” என்பதில் ‘ஸ்பீட்’ இருந்தும் ஏறுவதுதான் பொருள். நம் பைக் பிக்கப் இந்தக் குடும்பம். மெக்கானிக்கிடம் அது நடக்கும். ஆங்கிலத்தில் முறையாகச் சொல்ல வேண்டுமென்றால் ‘ஆக்ஸிலரேஷன்’ என்பது பாதுகாப்பு.

படி 5: ‘இட்’ எப்போதும் நடுவில்

“பிக் அப் த பாக்ஸ்” சரி. “பிக் த பாக்ஸ் அப்” அதுவும் சரி. பெயர்ச்சொல் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். ஆனால் இட், மீ, ஹிம், ஹர், தெம் போன்ற மாற்றுப்பெயர் வந்தால் இடம் ஒன்றுதான்: நடுவில். “பிக் இட் அப்.” “பிக் அப் இட்” என்று சொன்னால் உடனே உறுத்தும்.

பெயர்ச்சொல் ரொம்ப நீளமாக இருந்தால் அதைக் கடைசியில் வையுங்கள். “பிக் அப் த பார்சல் தட் கேம் எஸ்டர்டே” என்பதில் ‘அப்’பைப் பிரித்துக் கடைசியில் கொண்டுபோய் வைத்தால், கேட்பவர் அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அப்புறம், ‘அப்’போடு இன்னொரு சொல் சேர்ந்து மூன்றாக வருவதும் உண்டு. ‘பிக் அப் ஆன்’ என்றால் வெளிப்படையாகச் சொல்லாததைக் கவனித்துப் புரிந்துகொள்வது: “ஷீ பிக்ட் அப் ஆன் ஹிஸ் ஃபியர்.” அவன் பயத்தை மோப்பம் பிடித்துவிட்டாள். இங்கே எதையும் நடுவில் நுழைக்க முடியாது. ‘பிக் அப் ஆஃப்டர்’ என்றால் ஒருவர் போட்ட குப்பையை இன்னொருவர் பொறுக்குவது. அமெரிக்கப் பூங்காக்களில் “ப்ளீஸ் பிக் அப் ஆஃப்டர் யுவர் டாக்” என்று போர்டு வைத்திருப்பார்கள். நாயைத் தூக்கச் சொல்லவில்லை, அது போட்டதை அள்ளச் சொல்கிறார்கள்.

படி 6: நன்னூல் விதியோடு உச்சரியுங்கள்

“உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே” என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். மெய்யில் முடிந்து உயிரில் தொடங்கினால் இரண்டும் சேர்ந்துவிடும். ஆங்கிலப் பேச்சிலும் நடப்பது கிட்டத்தட்ட அதேதான். பிக் + அப், பேச்சில் ‘பிக்கப்’. பிக்ட் + அப், ‘பிக்டப்’. பிக் + இட் + அப், ‘பிக்கிட்டப்’. அமெரிக்கர் வாயில் அது ‘பிக்கிடப்’ போலக் கேட்கும். சொல் சொல்லாகப் பிரித்துக் கேட்கக் காத்திருந்தால் படம் முடிந்துவிடும். இந்த நான்கையும் சத்தமாகச் சொல்லிப் பழகினால், அடுத்த முறை காதில் விழும்போது தெரியும்.

அழுத்தத்திலும் ஒரு வித்தியாசம் உண்டு. பெயர்ச்சொல்லாக, அதாவது பிக்கப் வேன் என்கிறபோது, அழுத்தம் ‘பிக்’கில் விழும். வினையாக வந்து வாக்கியம் அதிலேயே முடிந்தால் ‘அப்’தான் ஓங்கி ஒலிக்கும்: “ப்ளீஸ் பிக் இட் அப்.”

படி 7: அகராதியில் தேடும் முறை

‘பிக்’ என்ற சொல்லுக்குப் போங்கள். ஃப்ரேசல் வெர்ப்கள் அதன் கடைசிப் பகுதியில் இருக்கும். மாணவர்களுக்கான அகராதிகளில் வினைக்கு நடுவே எஸ்.பி., எஸ்.டி.எச். என்ற சுருக்கங்கள் வரும். முதலாவது ‘சம்படி’, ஆள். இரண்டாவது ‘சம்திங்’, பொருள். அவை ‘பிக்’குக்கும் ‘அப்’புக்கும் நடுவில் இருந்தால் பிரிக்கலாம் என்று அர்த்தம். சில அகராதிகளில் இதற்கு இருபக்க அம்புக்குறி போட்டிருப்பார்கள். பத்துப் பதினைந்து பொருள் வரிசையாக நிற்கும். முதலிலிருந்து படிக்க வேண்டாம். ஆளா, பொருளா, ஒன்றுமே இல்லையா என்று முதலில் பிரித்துக்கொண்டு அந்தப் பகுதிக்கு மட்டும் போங்கள்.

படி 8: செய்து பாருங்கள்

விடையைப் பார்க்காமல் பொருள் சொல்லுங்கள்.

1. சேல்ஸ் பிக் அப் பிஃபோர் தீபாவளி.
2. ஐ பிக்ட் அப் எ பக் ஆன் த ஃப்ளைட்.
3. வேர் டிட் யூ பிக் அப் தட் வேர்ட்?
4. லெட்ஸ் பிக் அப் வேர் வீ லெஃப்ட் ஆஃப்.
5. ஐ நீட் எ பிக்-மீ-அப்.

முதலாவது சுலபம், செயப்படுபொருள் இல்லை: தீபாவளிக்கு முன் விற்பனை சூடுபிடிக்கும். இரண்டாவதில் ‘பக்’ என்றால் பூச்சி என்று நினைத்து விமானத்தில் பூச்சி பிடித்தார் என்று எழுதியிருந்தால் படி 3-க்குத் திரும்புங்கள். பேச்சு வழக்கில் அது கிருமி, விமானத்தில் ஏதோ தொற்றிக்கொண்டது. மூன்றாவது, அந்த வார்த்தையை எங்கே கற்றுக்கொண்டாய்? கெட்ட வார்த்தை பேசிய பிள்ளையிடம் அம்மா கேட்கும் கேள்வி. நான்காவது, விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். கீழே வைத்துப்போன வேலையை மறுபடி கையில் எடுப்பதாக நினைத்தால் பிடிபட்டுவிடும். ஐந்தாவது பெயர்ச்சொல்லாகிவிட்டது, துவண்டு கிடக்கும்போது தெம்பூட்டும் ஏதாவது ஒன்று, பெரும்பாலும் ஒரு காபி. பேக்கரியில் விற்கிற இத்தாலிய இனிப்பான திராமிசுவின் பெயருக்கும் நேர்ப் பொருள் இதுதான்: என்னைத் தூக்கிவிடு. அதிலும் காபி உண்டு.