கப்பலில் உடனிருந்தவர்களை எழுதி வைக்கும் முறை

டிசம்பர் முதல் பத்து நாட்களில் முன்னாள் கடற்படையினருக்கு மூன்று நாட்கள் முக்கியமானவை. 1971ஆம் ஆண்டு டிசம்பர் 4 இரவு நம் ஏவுகணைப் படகுகள் கராச்சியைத் தாக்கியதன் நினைவாக அந்த நாள் கடற்படை நாள். 7ஆம் தேதி கொடி நாள். 9ஆம் தேதி அதே 1971 போரில் நம் போர்க்கப்பல் ஐ.என்.எஸ். குக்ரி மூழ்கிய நாள். அந்த நாட்களில் நடக்கும் நினைவுக் கூட்டங்களில் மலர் வைத்து மௌனமாக நின்ற பின், மறைந்த தோழர் ஒருவரைப் பற்றிப் பேச யாராவது எழுந்தால், "நல்ல மனிதர், கடமை தவறாதவர்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அவர் கப்பலில் எங்கே நின்றார், கையால் என்ன செய்தார் என்பது அவருடைய பேரப்பிள்ளைகளுக்குத் தெரிவதேயில்லை. 1982இல் சேர்ந்து 15 ஆண்டுகள் நீராவிக் கப்பல்களின் கொதிகலன் அறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில், அதை எழுதி வைக்க நான் கண்டுகொண்ட வழியை இங்கே சொல்கிறேன்.

முதலில் பணி விடுவிப்புச் சான்றிதழை எடுத்து, எந்தக் கப்பலில் எந்தத் தேதியில் சேர்ந்து எப்போது இறங்கினீர்கள் என்பதைத் தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஆண்டு வரிசையில் எழுதத் தொடங்கினால் சில்கா பயிற்சி முகாமைத் தாண்டுவதற்குள் அலுத்துவிடும். எனக்கு இரண்டு முறை அப்படி ஆயிற்று. கப்பலுக்கு ஒரு நோட்டு என்று வைத்துக்கொண்டால் எதை எங்கே எழுதுவது என்ற குழப்பம் வராது.

நோட்டின் முதல் பக்கத்தில் எழுத வேண்டாம், படம் வரையுங்கள். நீங்கள் படுத்த மெஸ் டெக்கின் (மாலுமிகள் உண்டு உறங்கும் தளத்தின்) ஏணி, லாக்கர்கள், ஒன்றன்மேல் ஒன்றாக இருந்த படுக்கைகள் ஆகியவற்றைக் கோடு கோடாகப் போட்டு, ஒவ்வொரு படுக்கையிலும் படுத்தவர் பெயரை எழுதிப் பாருங்கள். முப்பது ஆண்டுகளாக நினைவுக்கு வராத பெயர்கள், மேல் படுக்கையிலிருந்து தொங்கிய கால் மனக்கண்ணில் தெரிந்ததும் வந்துவிடும். வராத இடத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டு, உடனிருந்த இன்னொருவருக்குத் தொலைபேசியில் பேசுங்கள். அவர் வேறு பெயரைச் சொன்னால் சண்டை வேண்டாம், இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, அவர் செய்து நீங்கள் கண்ணால் பார்த்த ஒரு செயலை முழுமையாக எழுதுங்கள். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மூத்தவர் ஒருவரைச் சொல்கிறேன். கொதிகலனில் நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் முழுவதும் நிரம்பியிருந்தாலும் முழுவதும் காலியாக இருந்தாலும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். நள்ளிரவு முதல் நான்கு மணி வரையிலான மிடில் வாட்ச் என்னும் பணிமுறையில், தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்தில், அவர் துடைக்கப் பயன்படும் காட்டன் வேஸ்ட் நூலைக் கையில் சுற்றிக்கொண்டு அந்தக் குழாயின் அடித் திருகைத் திறந்து, நீர் சீறி வெளியேறி மறுபடி ஏறுவதைக் கண்ட பிறகுதான் பதிவேட்டில் எழுதுவார். முந்தைய வாட்ச்காரர் எழுதியதை ஒருநாளும் அப்படியே நம்பியதில்லை. ஓய்வுபெற்ற சில ஆண்டுகளில் நோயால் இறந்த அவருடைய பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அவருக்கு உள்ளது என் நோட்டில் இந்த ஒரு பக்கம்தான்.

போரில் இறந்தவர்களுக்கும் இப்படிப்பட்ட சாட்சி தேவைப்படுகிறது. பாகிஸ்தானின் ஹாங்கோர் நீர்மூழ்கி ஏவிய டார்பிடோவால் டையூவுக்கு அப்பால் குக்ரி மூழ்கியபோது 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் உயிரிழந்தனர். கேப்டன் மகேந்திர நாத் முல்லா தன் உயிர்காப்பு அங்கியை ஒரு மாலுமிக்குக் கொடுத்துவிட்டுக் கப்பலோடு சென்றார் என்பதைத் தப்பி வந்தவர்கள் சொல்லித்தான் நாடு அறிந்தது. மகா வீர் சக்கர விருது பெற்ற அவரை நாம் நினைக்கும்போதெல்லாம் முன்னே வந்து நிற்பது அந்த அங்கிதான். டையூவில் கடலைப் பார்த்திருக்கும் நினைவிடத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் அந்தக் கப்பலின் மாதிரியைக் காணலாம். கீழ்த் தளங்களில் இருந்தவர்கள் கடைசியாக என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதை அந்த மாதிரிக் கப்பல் எப்படிச் சொல்லும்?

எழுதக் கூடாதவையும் உண்டு. சங்கேதக் குறியீடுகள், அலைவரிசைகள், இன்றும் பயன்பாட்டில் இருக்கக்கூடிய கருவிகளின் திறன் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். அலுவல் இரகசியச் சட்டம் ஓய்வுபெற்றவர்களுக்கும் பொருந்தும். ஒருவர் இறந்த விதத்தை எழுதுமுன் அவருடைய குடும்பத்தாரிடம் கேளுங்கள், அவர்கள் வேண்டாம் என்றால் எழுத வேண்டாம். நீங்கள் இல்லாத இடத்தில் உங்களை நிறுத்திக் கதை சொல்லவும் கூடாது. கூட்டங்களில் இந்தப் பழக்கம் நம்மிடையே கொஞ்சம் அதிகம்.

எழுதி முடித்த பக்கத்தைப் படியெடுத்து அவர் வீட்டுக்கு அனுப்புங்கள். அடுத்த டிசம்பர் கூட்டத்தில் உரை நிகழ்த்துவதற்குப் பதிலாக அந்தப் பக்கத்தை எழுந்து நின்று வாசியுங்கள், இரண்டு மூன்று நிமிடம்தான் ஆகும். வாசித்ததும், "அந்தத் திருகு இடப்பக்கம் இருந்தது" என்று யாராவது திருத்தினால், பென்சிலால் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.