பிளேஆஃப் கோலியை எடைபோடுவது எப்படி: பாட்ரிக் ருவாவின் கணக்கோடு ஒரு வழிகாட்டி

ஐஸ் ஹாக்கியில் "பிளேஆஃப்பில் (பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் நாக்-அவுட் சுற்றுகளில்) யார் பெரிய கோலி, அதாவது கோல்கீப்பர்?" என்ற வாதம் பெரும்பாலும் கோப்பைகளை எண்ணுவதோடு முடிந்துவிடுகிறது. கோப்பை வெல்வது அணி. கோலி தனியாக என்ன செய்தார் என்று பார்க்க வேறு கணக்கு வேண்டும். ஆட்டவாரியான விவரம் தரும் ஒரு தளம், ஒரு நோட்டு, கால்குலேட்டர் இருந்தால் ஒரு மாலையில் போட்டுவிடலாம்.

பழகுவதற்கு பாட்ரிக் ருவாவை எடுத்துக்கொள்வோம். பெயரின் ஆங்கில எழுத்தை (Roy) பார்த்தால் 'ராய்' என்றுதான் வாசிக்கத் தோன்றும். கியூபெக்காரர் என்பதால் பிரெஞ்சு உச்சரிப்பு. மான்ட்ரியல் கனேடியன்ஸோடு 1986, 1993-இலும், கொலராடோ அவலாஞ்சோடு 1996, 2001-இலும் ஸ்டான்லி கோப்பை (வட அமெரிக்க ஹாக்கி லீக்கான என்எச்எல்லின் சாம்பியன் கோப்பை) வென்றவர். பிளேஆஃப்பின் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் விருதை மூன்று முறை (1986, 1993, 2001) வாங்கியவர் அவர் ஒருவர்தான்.

முதலில் போட்டியின் அமைப்பு. இப்போது நான்கு சுற்று, ஒவ்வொன்றும் ஏழு ஆட்டத் தொடர். கோப்பைக்கு 16 வெற்றி வேண்டும். 1986-இல் முதல் சுற்று மட்டும் ஐந்து ஆட்டத் தொடர், அதனால் ருவாவின் பெயரில் 15 வெற்றிதான் இருக்கும். இது தெரியாமல் ஒப்பிட்டால் அந்த ஆண்டு ஏதோ குறைந்ததுபோலத் தெரியும். சமநிலையில் முடிந்தால் 20 நிமிட ஓவர்டைம். முதல் கோல் விழும்வரை அடுத்தடுத்து ஓடும். பிளேஆஃப்பில் ஷூட்டவுட் (பெனால்டி ஷாட்களால் முடிவு செய்வது) கிடையாது.

இனி ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு வரி போடுங்கள்: ஆட்டங்கள், அவர் நின்ற நிமிடங்கள், அவர்மீது வந்த ஷாட்கள், வாங்கிய கோல்கள். கூடுதல் தாக்குதல் வீரருக்காகக் கோலியை வெளியே எடுத்த பிறகு காலி வலையில் விழும் கோல் அவர் கணக்கில் வராது. எதிரணியின் மொத்த ஸ்கோரைக் கூட்டிக் கோலியின் தலையில் போடுவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை.

கோல் சராசரி என்பது கோல்களை 60-ஆல் பெருக்கி நிமிடங்களால் வகுப்பது. 1993-இல் ருவா 1,293 நிமிடங்களில் 46 கோல் வாங்கினார், சராசரி 2.13. ஆனால் முன்னால் நிற்கும் டிஃபென்ஸ் நன்றாக இருந்தாலே இந்த எண் இறங்கிவிடும். சேவ் விகிதத்தை நம்புங்கள்: வந்த ஷாட்களில் எத்தனை நின்றன என்பது.

1986: 506 ஷாட், 39 கோல், 0.923.
1993: 647 ஷாட், 46 கோல், 0.929.
2001: 622 ஷாட், 41 கோல், 0.934.

இதை அப்படியே படித்தால் 2001 தான் உச்சம் என்று சொல்லிவிடுவோம். இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். எழுபதுகளின் ஒருநாள் ஆட்டத்து ஸ்ட்ரைக் ரேட்டை இன்றைய டி20-யோடு யாரும் ஒப்பிட மாட்டோம் அல்லவா? அதேதான். என்எச்எல் லீக் முழுவதின் சேவ் விகிதம் 1985-86 பருவத்தில் சுமார் 0.875. 1992-93-இல் சுமார் 0.885. 2000-01-இல் சுமார் 0.903. அதாவது 1986-இல் 100 ஷாட் வந்தால் சராசரி கோலி 12, 13 கோல் வாங்குவார். 2001-இல் பத்துகூட வாங்க மாட்டார்.

எனவே அந்தந்த ஆண்டின் சராசரி கோலி அதே ஷாட்களுக்கு எத்தனை வாங்கியிருப்பார் என்று போட்டு, ருவா வாங்கியதைக் கழியுங்கள். 1986-இல் 506 ஷாட்டுக்குச் சுமார் 63 கோல் விழுந்திருக்கும். அவர் வாங்கியது 39. மிச்சம் 24. 1993-இல் 74 போக வேண்டிய இடத்தில் 46, மிச்சம் 28. 2001-இல் 60-க்கு 41. மிச்சம் 19, அதுவும் 23 ஆட்டத்தில். மற்ற இரண்டும் தலா 20 ஆட்டம். வரிசையே மாறிவிட்டது. நோட்டில் எடுப்பாகத் தெரிந்த 2001 மூன்றில் கடைசி.

இந்தக் கணக்குக்கும் எல்லை உண்டு. 500 ஷாட்டில் ஐந்து கோல் இப்படி அப்படிப் போனாலே விகிதம் 0.010 நகர்ந்துவிடும். கம்பத்தில் பட்டு வெளியே போன பக் (பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டு), சொந்த அணி வீரரின் ஸ்கேட்டில் பட்டு உள்ளே வந்த பக் எல்லாம் இதில் கலந்திருக்கும். ஒரே ஓர் ஆண்டின் பிளேஆஃப்பை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். ருவாவின் பெருமை நிற்பது 247 பிளேஆஃப் ஆட்டங்களில், 151 வெற்றிகளில்.

வெற்றி எண்ணிக்கையைத் தனியாக நம்பவும் வேண்டாம். தோற்ற அணியிலிருந்து கான் ஸ்மைத் வாங்கியவர்கள் இதுவரை ஆறே பேர். அதில் நால்வர் கோலிகள். 2003-இல் அனஹெய்மின் ஜிகேர் 0.945 விகிதத்தோடு நின்றார், கோப்பை நியூ ஜெர்சிக்குப் போயிற்று. கோப்பையை மட்டும் எண்ணுகிறவரின் பட்டியலில் அவர் பெயரே வராது.

அடுத்து ஓவர்டைமுக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். 1993-இல் மான்ட்ரியல் முதல் ஆட்டத்தையே ஓவர்டைமில் கியூபெக்கிடம் இழந்தது. அதன்பின் பத்து ஓவர்டைம் ஆட்டங்கள், பத்தும் வெற்றி. 1996 இறுதியின் நான்காவது ஆட்டம் மூன்றாவது ஓவர்டைம்வரை போய் 1-0 என முடிந்தது. ருவா 63 ஷாட்டையும் நிறுத்தினார்.

சறுக்கல்களையும் அதே நோட்டில் எழுதுங்கள், இல்லையென்றால் அது ரசிகர் மன்ற நோட்டீஸ் ஆகிவிடும். 2002 மேற்குப் பிரிவு இறுதியின் ஆறாவது ஆட்டத்தில் டெட்ராய்ட்டின் ஐசர்மன் அடித்ததை ருவா தடுத்தார். பக் கையுறைக்குள் இருக்கிறது என்று நினைத்து, நடுவருக்குக் காட்டக் கையை உயர்த்தினார். பக் அதிலிருந்து நழுவிக் கோட்டருகே விழுந்தது. ஷனஹன் தட்டி உள்ளே தள்ளினார். அந்த ஆட்டம் டெட்ராய்ட்டுக்கு 2-0 எனப் போனது, ஏழாவது ஆட்டமும் அவர்களுக்கே, 7-0. கையுறை மூடியிருக்கிறதா என்று உறுதிசெய்யாமல் கையைத் தூக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எந்தப் பயிற்சியாளரும் தர முடியாது.

எண்கள் முடிந்ததும் வீடியோ. ஆறடி அகலம், நாலடி உயரக் கோல் அது. ருவா புகழ்பெறச் செய்த பட்டர்ஃபிளை முறையில் முழங்கால்களை ஒட்டிவைத்துக் கீழே இறங்கி, கால் பேட்களை இருபக்கமும் விரித்து, பனியை ஒட்டிய பகுதி முழுவதையும் அடைத்துவிடுவார்கள். பக்கை அடிப்பவருக்கு மேல் மூலைகள் மட்டுமே மிஞ்சும். இறங்கும் நேரத்தைப் பாருங்கள். ஷாட்டுக்கு முன்பே இறங்கினால் மேலே திறந்துவிடும். தாமதித்தால் கால்களுக்கு நடுவே போய்விடும். பிறகு ரீபவுண்ட்: பக் நெஞ்சில் அடங்குகிறதா, மூலைக்குத் திரும்புகிறதா, கோலுக்கு எதிரேயே விழுகிறதா? மூன்றாவது வகைக்கு ஒரு கோடு போட்டு எண்ணுங்கள். ஸ்கோரில் அது தெரியாது, அடுத்த கோல் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.

தொடங்குவதற்கு 2001 இறுதித் தொடரின் நான்காவது, ஆறாவது ஆட்டங்களை அடுத்தடுத்துப் பாருங்கள். நான்காவதில் ருவா வலைக்குப் பின்னால் போய்ப் பக்கைக் கோட்டைவிட்டார், நியூ ஜெர்சியின் கோமெஸ் சமன்செய்தார், அந்த அணி 3-2 என வென்றது. ஐந்தாவதையும் இழந்து வெளியேறும் விளிம்பில் வந்த ஆறாவதில் 24 ஷாட்டையும் நிறுத்தி 4-0. முதல் தடவை ஆட்டத்தைப் பாருங்கள். இரண்டாம் தடவை பக்கை விட்டுவிட்டு அவர் பாதங்களை மட்டும் பாருங்கள்.